பழைய வெள்ளிப் பாத்திரங்களில் முத்திரைகளை இனங்காணுதல்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் பணியாற்றும் கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பாடம்)

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டை அடைகின்றது. 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன் இந்நிலப்பகுதி முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீசுவரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததேயன்றி மணஉறவுகள் பிரியவில்லை. ஆதலின் இக்கிராமங்களில் ஒரே வீட்டுப் பெட்டியில் தமிழ் எழுத்துப் பொறித்த வெள்ளிச் செம்பும், மலையாள எழுத்துப் பொறித்த வெள்ளிக் கிண்டியும், ஆங்கில எழுத்துப் பொறித்த கரண்டியும் சேர்ந்திருக்கக் கூடும்.

இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் ஒரு நெருக்கடி வேளையிலேயே பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, வீடு கட்டுதல் ஆகியவற்றின் பொருட்டு அவை அடகுக்கோ விலைக்கோ செல்கின்றன. அப்பொழுது குடும்பத்திற்கு இருவகை இழப்பு நேரலாம். வெள்ளியே இல்லாத பொருளை வெள்ளியென நம்பியிருந்து ஏமாற்றமடைதல் ஒன்று. அரிய பட்டறையில் செய்த பொருளை வெறும் எடைக்கு விற்று, அது உருக்கப்படுவதைப் பார்த்திருத்தல் மற்றொன்று. இரண்டையும் தவிர்க்கும் வழி, பொருளின்மேல் உள்ள குறிகளை முறையாகப் படித்து, அவை கூறுவதை உலோகத்தைக் கொண்டே சரிபார்த்தல் ஆகும். அம்முறையை இப்பாடம் விளக்குகின்றது.

1. குறிகளின் வகைகள்

வெள்ளிப் பொருளின்மேல் காணப்படும் குறிகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். செய்தவரின் குறி, உலோகத்தின் தரத்தைச் சோதித்த அமைப்பின் குறி, உடையவரின் பெயர், எடை அல்லது ஆண்டு, முலாம் பூசப்பட்டதைத் தெரிவிக்கும் வாணிப எழுத்துகள் என்பன அவை. இவற்றுள் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

ஓர் உண்மையை முதலிலேயே மனத்திற்கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் வெள்ளிப் பொருள்களைக் கட்டாயமாகச் சோதித்து முத்திரையிடும் பொது அமைப்பு இருந்ததில்லை. உள்ளூர்த் தட்டார் ஒரு குடும்பத்தின் வேண்டுகோளுக்கிணங்க, அவர்கள் கண்முன்னே வெள்ளியை உருக்கிப் பாத்திரம் செய்தார். செய்தவர் யாரென்பது ஊருக்கே தெரியும். முத்திரைக்குத் தேவை எழவில்லை. எனவே நம் கிராமங்களின் பழைய வெள்ளியில் பெரும்பகுதி செய்தவரின் குறி அற்றதாகவே இருக்கும். குறியில்லாமை போலிக்கு அடையாளமன்று. குறியிருத்தல் தூய்மைக்கு உறுதியுமன்று.

2. அடித்த முத்திரையும் கொத்திய எழுத்தும்

செய்தவரின் முத்திரை எஃகு அச்சினால் ஒரே அடியில் பதிக்கப்படுவது. அதனைச் சுற்றி நீள்சதுரமாகவோ முட்டை வடிவாகவோ ஒரு குழிந்த சட்டம் அமைந்திருக்கும். எழுத்துகள் அச்சட்டத்தின் உள்ளே புடைத்து நிற்கும். சட்டமின்றி எழுத்துகள் மட்டும் குழிந்து பதிதலும் உண்டு. ஆயினும் எல்லா எழுத்தும் ஒரே ஆழமும் ஒரே அளவும் உடையனவாயிருக்கும்.

உடையவரின் பெயரோ சிற்றுளியால் எழுத்தெழுத்தாகக் கொத்தப்படுவது. பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் தமிழர் யாவரும் அறிந்ததே. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின் ஒவ்வோர் எழுத்தும் புள்ளிகளின் வரிசையாகவோ சிறு கீற்றுகளின் தொடராகவோ தோன்றும். எழுத்துகளின் உயரம் சிறிது வேறுபடும். வீட்டுப் பெயரின் முதலெழுத்தும் ஆள் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து இரண்டு மூன்று எழுத்துகளாக நிற்றல் பெருவழக்கு. இவ்வெழுத்துகளைப் பட்டறையின் பெயரென்று கொள்ளலாகாது. ஆயினும் குடும்ப வரலாற்றிற்கு இவையே மிக்க பயனுடையன. சீதனமாக வந்த பாத்திரத்தில் மணமகள் பிறந்த வீட்டின் எழுத்து இருக்கலாம். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பொருளை அறிய அதனினும் நல்ல சான்று வேறில்லை.

முத்திரை பதியும் இடங்களும் பெரும்பாலும் வரையறுக்கப்பட்டவை. பாத்திரத்தின் அடிப்பாகம், விளிம்பின் கீழ்ப்புறம், கீலுக்கு அருகு, கரண்டிக் காம்பின் பின்புறம் ஆகிய இடங்களை முதலில் ஆராய்க. மூடியையும் உடலையும் தனித்தனியே நோக்குக. ஒன்றில் முத்திரையிருந்து மற்றொன்றில் இல்லையாயின், ஒரு பகுதி பின்னர் மாற்றப்பட்டிருக்கக் கூடும். தேய்ந்த முத்திரையின்மேல் மெல்ல வாயால் ஊதினால் நீராவி படிந்து, எழுத்தின் விளிம்புகள் சிறிது நேரம் தெளிவுறத் தோன்றும். ஒட்டுப்போட்ட இடமும் அவ்வாறே புலப்படும்.

3. ஆண்டும் எடையும்

பாத்திரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருந்தால் அதனை உடனே கிறிஸ்து ஆண்டாகக் கொள்ளலாகாது. திருவிதாங்கூரில் வழங்கியது கொல்லம் ஆண்டு. அது சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், ஆகஸ்டு நடுவில் தொடங்குகின்றது. ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் முடிய உள்ள நாள்களுக்கு 824உம், ஜனவரியிலிருந்து ஆகஸ்டு நடுவரை உள்ள நாள்களுக்கு 825உம் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். கேரளத்தில் முதியோர் இன்றும் கூறும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ கொல்லம் 1099இல், அதாவது 1924 ஜூலையில் நிகழ்ந்தது. இவ்வுதாரணம் மாணவர்க்குக் கணக்கை எளிதில் விளக்கும். 1075 என்று பொறித்த செம்பு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையதன்று. 1899ஆம் ஆண்டு ஆகஸ்டிற்கும் 1900ஆம் ஆண்டு ஆகஸ்டிற்கும் இடைப்பட்டது.

எண்கள் பழந்தமிழ்க் குறிகளில் இருப்பதும் உண்டு. ௲௭௰௫ என்பது 1075. இதனையே இடமதிப்பு முறையில் ௧௦௭௫ என்றும் எழுதுவர். மலையாள எண் குறிகள் இவற்றிற்கு நெருங்கியவை எனினும் எல்லாம் ஒன்றல்ல. எல்லைப் பகுதி ஆசிரியர் இரண்டு வரிசைகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

இரண்டிலக்க எண் பெரும்பாலும் எடையைக் குறிக்கும். முன்னாளில் வெள்ளியை ரூபாய் எடையால் நிறுத்தனர். ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின். அதுவே ஒரு தோலா. இன்றைய அளவில் 11.66 கிராம். ஐம்பது என்று பொறித்த பாத்திரம் செய்த நாளில் ஏறக்குறைய 583 கிராம் இருந்திருக்க வேண்டும். இன்று நிறுத்தால் 560 கிராம் எனில், தேய்மானத்தாலோ ஒரு பகுதி உடைந்ததாலோ 23 கிராம் குறைந்திருக்கின்றது. அதற்கு மாறாக எடை மிகுந்திருப்பின், ஈயமோ பற்றாசோ பின்னர்ச் சேர்க்கப்பட்டதா என ஐயுற்று ஆராய வேண்டும்.

4. இந்தியப் பட்டறைகளின் முத்திரைகள்

பெருநகர்களின் கடைகள் உள்ளூர்த் தட்டாரைப் போலன்றித் தம் பெயரைப் பொறித்தன. தென்னாட்டில் முதலில் நினைக்கத்தக்கது சென்னையில் 1849இல் தோன்றிய பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம். அதன் பெயர் ஆங்கில எழுத்துகளில் முழுமையாகப் பதிக்கப்பட்ட பொருள்கள் உள்ளன. தெய்வ உருவங்களைப் புடைப்பாக அடித்த ‘சுவாமி’ வேலைப்பாடு சென்னைக்குப் புகழ் தந்தது. ஆயினும் அவ்வேலைப்பாடு ஒன்றையே கண்டு நிறுவனத்தின் பெயரை முடிவு செய்யலாகாது. குஜராத்தின் பூஜ் நகரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணியாற்றிய ஊமர்சி மாவ்ஜி, தம் பெயரின் ஓ, எம் என்னும் ஆங்கில முதலெழுத்துகளையும் ஊர்ப் பெயரையும் பொறித்தார்.

கல்கத்தாவின் ஹாமில்ட்டன் நிறுவனம் இங்கிலாந்து முத்திரைகளை ஒத்த ஒரு வரிசையைப் பயன்படுத்தியது. அதில் யானை உருவம் இடம்பெற்றது. இவ்வரிசை அரசாங்கச் சோதனையின் சான்றன்று. செய்தவர் தாமே அளித்த உறுதிமொழியே அது. அதன் மதிப்பு அந்நிறுவனத்தின் நாணயத்தைப் பொறுத்தது.

விடுதலைக்குப் பின் வந்த நிலை வேறு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெள்ளிக்கு முத்திரையிடும் திட்டத்தை 2005இல் தொடங்கியது. 2025 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு வெள்ளிப் பொருளுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கத் தனி அடையாளக் குறி அளிக்கும் முறை, விரும்புவோர் ஏற்கத்தக்க திட்டமாக நடைமுறைக்கு வந்தது. அமைப்பின் சின்னம், தரத்தைக் காட்டும் எண், தனி அடையாளக் குறி ஆகிய மூன்றும் அதில் இருக்கும். 925 என்பது ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்று பொருள்படும். இச்சின்னமுள்ள பொருளைப் பாட்டியின் காலத்துப் பொருளென்று எவரேனும் கூறின், அக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

5. இங்கிலாந்து முத்திரைகள்

பாறசாலையில் 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தின் நிலையம் இருந்தது. மிஷன் தொடர்பாலும், கடல் கடந்து வேலைக்குச் சென்றவர் வாயிலாகவும் அயல்நாட்டுப் பொருள்கள் இங்கு வரக்கூடும். ஆதலின் இங்கிலாந்து முத்திரைகளின் அடிப்படையை அறிந்திருத்தல் அவசியம்.

இங்கிலாந்தில் சிறுத்தைத் தலை முத்திரை 1300ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், செய்தவரின் குறி 1363இலும், ஆண்டெழுத்து 1478இலும், நடக்கும் சிங்க உருவம் 1544இலும் ஏற்பட்டன. சிங்கம் 925 தரத்தைக் குறிக்கும். சிறுத்தைத் தலை இலண்டனையும், நங்கூரம் பர்மிங்ஹாமையும், மகுடம் ஷெஃபீல்டையும் சுட்டும். ஷெஃபீல்டு 1975 முதல் மகுடத்திற்குப் பதிலாக ரோஜா மலரைக் கொண்டுள்ளது. 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் தலையுருவமும் பதிக்கப்பட்டது. ஆகவே இவ்வரிக் குறியான தலையுருவம் உள்ள பொருள் பெரும்பாலும் 1890க்குப் பிற்பட்டதன்று எனக் கொள்ளலாம். ஜெர்மனியில் 1888 முதல் பிறைச் சந்திரனும் மகுடமும் 800 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணும் சேர்ந்து வழங்கின.

6. வெள்ளியைப் போன்று தோன்றுபவை

ஜெர்மன் வெள்ளி என்று கடைவீதியில் வழங்கும் உலோகம் செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை. அதில் வெள்ளி அறவே இல்லை. 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் மின்முலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றபின், இவ்வுலோகத்தின்மேல் மெல்லிய வெள்ளிப் படலம் பூசிய கரண்டிகளும் தட்டுகளும் பெருகின. அவற்றில் இ, பி, என், எஸ் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் காணப்படும். ‘மின்முலாம் பூசிய நிக்கல் வெள்ளி’ என்பதன் முதலெழுத்துகளே அவை. சில பட்டறைகள் இவ்வெழுத்துகளைத் தனித்தனிச் சட்டத்துள் அமைத்து, உண்மை முத்திரை வரிசையைப் போலத் தோன்றச் செய்தன. ஏ என்னும் எழுத்தும் 1 என்னும் எண்ணும் சேர்ந்திருப்பின், அது முலாமின் கனத்தைப் பற்றிய வாணிபக் குறியேயன்றி வெள்ளியின் தரமன்று. விளிம்புகளிலும் கரண்டியின் குழிப்புறத்திலும் முலாம் தேய்ந்து, சற்று மஞ்சளான அல்லது சாம்பல் நிறமான அடியுலோகம் தெரிதல் மற்றோர் அடையாளம்.

7. நீரைக் கொண்டு செய்யும் சோதனை

குறி கூறுவதை உலோகம் ஒப்புக்கொள்கின்றதா என அறிய, பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்யத்தக்க சோதனை ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பின்பற்றியது. இதனால் பொருளுக்குச் சிறிதும் சேதமில்லை.

முதலில் பொருளைக் காற்றில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. பின்னர் ஒரு முகவையில் நீரெடுத்து மின்னணுத் தராசின்மேல் வைத்து, அளவைச் சுழியாக்குக. பொருளை மெல்லிய நூலில் கட்டி, முற்றும் நீரில் அமிழுமாறும், முகவையின் அடியையோ பக்கத்தையோ தொடாதவாறும் தொங்கவிடுக. அப்பொழுது தராசு காட்டும் அளவு, பொருளால் விலக்கப்பட்ட நீரின் எடை ஆகும். காற்றில் கண்ட எடையை இவ்வெடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும்.

தூய வெள்ளியின் ஒப்படர்த்தி 10.49. செம்பு கலந்த 925 தர வெள்ளிக்குக் கணக்கீட்டால் 10.36உம், 800 தரத்திற்கு 10.14உம் கிடைக்கின்றன. ஜெர்மன் வெள்ளிக்கு ஏறக்குறைய 8.7, பித்தளைக்கு ஏறக்குறைய 8.5. 58.3 கிராம் எடையுள்ள சுண்ணாம்புக் கரண்டகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 925 தர வெள்ளியாயின் தராசு 5.63 கிராம் காட்டும். ஜெர்மன் வெள்ளியாயின் 6.70 கிராம் காட்டும். ஒரு கிராமுக்கு மேற்பட்ட இவ்வேறுபாட்டைச் சாதாரணத் தராசும் தவறாது காட்டும்.

சோதனையின் எல்லையையும் அறிதல் வேண்டும். 1939 வரை அடிக்கப்பட்ட வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது ஆயிரத்தில் 916.7 பங்கு, வெள்ளி இருந்தது. 1940 முதல் அது பாதியாயிற்று. 1947இல் ரூபாய் நிக்கலாயிற்று. பழைய ரூபாய்களை உருக்கிச் செய்த பாத்திரத்தின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 10.34 ஆகும். அதனையும் 925 தரத்தையும் இச்சோதனையால் பிரித்தறிய இயலாது. 1940க்குப் பிந்திய ரூபாய்களை உருக்கியதாயின் இதனினும் தெளிவாகக் குறைந்த அளவு வரும். உள்ளே அரக்கு நிரப்பிய பிடிகள், கல் பதித்தவை, காற்று அடைபட்டவை ஆகியவற்றிற்கு இச்சோதனை பொருந்தாது. ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3 ஆதலால், ஈயம் மறைத்து வைத்த பொருள் வெள்ளியின் அளவைப் பொய்யாகக் காட்டவும் கூடும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி பயன்படுத்தப்படும் இடங்களிலும் அது மேற்பரப்பையே படிக்கும் என்பதையும், கனத்த முலாம் அதனை ஏமாற்றக் கூடும் என்பதையும் நினைவிற் கொள்க.

8. செய்யத்தகாதவை

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி சல்பைடு உண்டாவதால்; அது கேடன்று. சாம்பல், புளி, விபூதி ஆகியவற்றால் அழுத்தித் தேய்க்குந்தோறும் முத்திரை சிறிது சிறிதாக அழிகின்றது. முத்திரையுள்ள இடத்தை மென்மையான துணியும் சோப்பு நீரும் கொண்டு மட்டும் துடைக்க வேண்டும். நைட்ரிக் அமிலச் சோதனை பொருளில் வடுவை உண்டாக்கும். கைகளுக்கும் கண்களுக்கும் தீங்கானது. அதனைப் பள்ளியிலும் வீட்டிலும் செய்தல் கூடாது. உடைந்த கிண்டியின் மூக்கைப் புதுப்பிக்கும்போது, முத்திரையுள்ள அடித்தகட்டை மாற்றிவிடாதிருக்கத் தட்டாரிடம் முன்னரே கூற வேண்டும்.

9. பதிவும் சட்டமும்

கள ஊழியர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் வைத்துக் கீழ்க்கண்டவற்றை வரிசையாக எழுதுக: பொருளின் உள்ளூர்ப் பெயரும் பயனும், காற்றில் எடை, ஒப்படர்த்தி, குறிகள் உள்ள இடம், அவை அடித்தவையா கொத்தியவையா என்பது, எழுத்துகளைப் பார்த்தவாறே வரைந்த படம், அப்பொருள் எந்த வீட்டிலிருந்து யார் வழியாக வந்தது எனக் குடும்பத்தார் கூறுவது. குடும்பத்தார் கூற்றையும் நாம் கண்டதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுதல் வேண்டும். சாய்வான ஒளியில் எடுத்த நிழற்படத்தில் தேய்ந்த எழுத்தும் தெரியும். பொருள் எவரிடம் உள்ளது என்பதை வெளியிடாது காத்தல் ஊழியரின் கடமை. திருட்டுக்கு அச்செய்தியே வழிகாட்டியாகிவிடும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் அச்சட்டத்தின்படி தொல்பொருளாகக் கருதப்படும். அதனைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் தடுக்கப்பட்டுள்ளது; தொல்பொருள் வாணிபத்திற்கு உரிமம் தேவை. வளைகுடா நாடுகளிலும் பிறவிடங்களிலும் வாழும் பிள்ளைகளுக்குப் பாட்டியின் பாத்திரத்தை அனுப்ப நினைப்போர்க்கு, கொல்லம் ஆண்டை மாற்றிக் கணக்கிடும் எளிய அறிவு இங்கே பெரிதும் துணைசெய்யும்.

விற்பதும் வைத்திருப்பதும் குடும்பத்தின் உரிமை. அதில் நாம் தலையிடுதல் வேண்டா. ஆயினும் விற்கும் முன் ஒரு தாளும் ஒரு நிழற்படமும் அவர்கள் கையில் இருக்கச் செய்தல் நம்மால் ஆகும். உருக்குலைந்தபின் பாத்திரத்தின் எடையை மட்டுமே மீட்க முடியும். அதில் வெட்டியிருந்த பெயரை மீட்க முடியாது.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கிண்டியின் அடியில் 1086 என்ற எண் கொத்தப்பட்டுள்ளது. அது எந்தக் கிறிஸ்து ஆண்டுகளுக்கு இடைப்பட்டது? இன்று அது தொல்பொருள் ஆகுமா?

2. ஒரு செம்பில் ‘௪௰’ என்ற எடைக்குறி உள்ளது. அதன் இன்றைய எடை 452 கிராம். குறைவு எவ்வளவு? அதற்குக் கூடிய இரு காரணங்கள் யாவை?

3. காற்றில் 104 கிராம் எடையுள்ள கரண்டி 12 கிராம் நீரை விலக்குகின்றது. அதன் ஒப்படர்த்தி என்ன? அதன் காம்பில் எவ்வெழுத்துகளைத் தேடுவீர்?

4. மூடியில் முத்திரையுள்ள ஒரு வெற்றிலைப் பெட்டியின் உடலில் முத்திரை இல்லை. இதிலிருந்து எதை உறுதியாகக் கூறலாம்? எதைக் கூறலாகாது?